விற்க மறுக்கும் வேலை

கல்லாவில் சில மாதங்கள் நின்றிருக்கிறேன். அந்த நாட்களில் எத்தனை சிகரெட் பெட்டிகளை விற்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விற்க மறுத்த இரண்டு மூன்று தருணங்கள் மட்டும் முகங்களோடு நினைவில் இருக்கின்றன. மறுத்திருக்க வேண்டிய இடத்தில் வாய் வராமல் எடுத்துக் கொடுத்துவிட்ட ஒரு தருணமும் இருக்கிறது. எதிரில் நின்றவன் என்னைவிட உயரமானவன். அவனுக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். வயதைக் கேட்கும் கேள்வி தொண்டைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. புகையிலைப் பொருட்களையும் வேப் எனப்படும் மின்சிகரெட்டுகளையும் விற்பவர்களுக்கான விதிகளைப் பற்றி எதைப் படித்தாலும் அந்தச் சில நொடிகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. விதியை எழுதியவர் அந்த நொடிகளை மனத்தில் வைத்து எழுதினாரா, வைக்காமல் எழுதினாரா என்று பார்த்தே ஒரு விதியை எடைபோடும் பழக்கமும் வந்துவிட்டது.

உலக அளவில் இந்த விதிகளுக்கெல்லாம் அடித்தளமாக இருப்பது, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான கட்டமைப்பு உடன்படிக்கை. 2003-ல் ஏற்கப்பட்டு 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, சில்லறைக் கடையைப் பற்றியே பேசுகிறது எனலாம். வயது வராதவர்களுக்கு விற்கக் கூடாது. அதைச் சொல்லும் அறிவிப்பு கடைக்குள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். வாங்குபவர் தாமே கைநீட்டி எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் அடுக்கி வைப்பது, சிகரெட்டின் வடிவத்தில் மிட்டாயும் பொம்மையும் செய்து விற்பது, இலவசமாகக் கொடுப்பது ஆகியவற்றைத் தடுக்க வேண்டும். தானியங்கி இயந்திரங்கள் சிறுவர்களுக்கு எட்டக் கூடாது. உதிரியாக ஒன்று இரண்டு என்று விற்பதையும் தடுக்க முயல வேண்டும். ஒவ்வொரு நாடும் இவற்றைத் தன் சட்டத்தில் தனக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டது. சிறுவர்கள் வாங்குவதை மட்டுமல்லாமல் சிறுவர்கள் விற்பதையும் நிறுத்தச் சொல்லும் ஓர் உட்பிரிவும் அதே பிரிவில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்களை அதிகம் பார்த்ததில்லை.

அந்தப் பிரிவில் என்னை நிறுத்தியது ஒரு சிறிய சொற்றொடர். 'சந்தேகம் ஏற்பட்டால்' வயதுக்கான சான்றைக் கேட்க வேண்டும் என்று அது விற்பனையாளரைப் பணிக்கிறது. யாருக்கு ஏற்படும் சந்தேகம் என்று யோசித்துப் பார்த்தால், கல்லாவில் நிற்கும் கூலிக்காரருக்கு ஏற்படும் சந்தேகம் என்பது புரியும். அவருக்குச் சந்தேகம் வராமல் இருப்பதில் எல்லோருக்கும் வசதி இருக்கிறது: வாங்க வந்தவருக்கு, வரிசையில் நிற்பவர்களுக்கு, அன்றைய விற்பனையைக் கணக்குப் பார்க்கப்போகும் முதலாளிக்கு, சண்டையைத் தவிர்க்க விரும்பும் அவருக்கும்கூட. அரசு தன்னுடைய மிகக் கடினமான வேலைகளில் ஒன்றைக் கடையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரின் மனசாட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்குச் சந்தேகம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்ட இடங்களில் சந்தேகத்தின் இடத்தில் ஓர் எண்ணை வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் விற்பனைக்கான வயது 18. ஆனால், 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் சான்று கேட்பதை அடிப்படையாகக் கொண்ட ஒரு நடைமுறையைக் கடைகள் வைத்திருக்க வேண்டும் என்பது 2017 ஏப்ரல் முதல் அங்கே சட்டக் கடமை. அமெரிக்காவில் 2019 டிசம்பர் 20 அன்று விற்பனைக்கான குறைந்தபட்ச வயது நாடு முழுவதும் 21 ஆனது. 27 வயதுக்குட்பட்ட எல்லோரிடமும் படத்துடன் கூடிய அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும் என்றிருந்த விதியை 2024 செப்டம்பர் 30 முதல் 30 வயதுக்குட்பட்டவர்கள் என்று உயர்த்தினார்கள். இருபத்தொன்பது வயதுக்காரரிடம் எதற்கு அட்டை என்று கேட்பவர்கள் இந்த இடைவெளியின் பயனைக் கவனிப்பதில்லை. மனிதக் கண்ணால் பதினேழையும் இருபத்தொன்றையும் பிரித்தறிய முடியாது. முப்பதுக்கு மேல், கீழ் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. 'உங்களை நம்பவில்லை' என்ற பொருளில் ஒலிக்கும் கேள்வி, 'எல்லோரிடமும் கேட்கிறோம்' என்பதாக மாறிவிடுகிறது. சுவரில் ஒட்டிய அறிவிப்பைக் கையால் காட்டிவிட்டு, பழி விதிமேல் விழட்டும் என்று கல்லாவில் நிற்பவர் நிம்மதியாக நிற்கலாம்.

விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கான வழி, வயது வராத ஒருவரை அதிகாரிகளே கடைக்குள் அனுப்பி வாங்கச் சொல்லிப் பார்ப்பது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள உட்ரிட்ஜ் என்ற சிற்றூர் 1989-ல் இதை ஒழுங்காகச் செய்துகாட்டியது. புகையிலை விற்க உரிமம் வேண்டும் என்று ஊராட்சி சட்டம் போட்டது. அவ்வப்போது சிறுவர்களை அனுப்பிக் கடைகளைச் சோதித்தது. தவறு செய்த கடையின் உரிமத்தை நிறுத்திவைத்தது. அதற்கு முன் நூற்றுக்கு எழுபது தடவை சிறுவர்களுக்கு விற்ற கடைகள், ஒன்றரை ஆண்டுக்குள் ஐந்துக்கும் குறைவாக இறங்கின. பிறகு 1992-ல் இயற்றப்பட்ட சைனார் திருத்தம் என்ற கூட்டாட்சிச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய சோதனைகளை நடத்தி, விதிமீறலை 20 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்றது. தவறினால் போதைத் தடுப்புக்கான மானியம் குறையும். 1997-ல் சுமார் 40 சதவீதமாக இருந்த விதிமீறல், 2011-க்குள் நாட்டளவில் பத்துக்கும் கீழே வந்தது.

இந்தக் கணக்குகளைப் பார்த்துவிட்டுத் தண்டனைதான் வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வருவது எளிது. யாருக்குத் தண்டனை என்பதைப் பார்க்க வேண்டும் என்பேன். உட்ரிட்ஜில் ஆபத்தில் இருந்தது உரிமம், உரிமம் முதலாளியுடையது. தன் பிழைப்புக்கு ஆபத்து என்றதும் அவர் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், அறிவிப்பை மாட்டுகிறார், 'சந்தேகம் என்றால் விற்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாய்திறந்து சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்பது கல்லாவில் நின்றவர்களுக்குத் தெரியும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விற்ற ஊழியருக்கே அபராதம் விதிக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது முதலாளி ஒரு ஊழியரை மாற்றிவிட்டு அடுத்தவரை நிறுத்துகிறார், கடை மாறுவதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பின்பற்றும் வரிசை இதைவிட அறிவுள்ளது: முதலில் கடைக்கு எச்சரிக்கைக் கடிதம், பிறகு கூடிக்கொண்டே போகும் அபராதம், 36 மாதங்களுக்குள் ஐந்து முறை மீறினால் அந்தக் கடையில் புகையிலை விற்பதற்கே தடை.

பிரிட்டனில் கடைக்காரருக்கு ஒரு தற்காப்பு உண்டு. தவறு நடக்காமலிருக்க எடுக்கக்கூடிய எல்லா முன்னெச்சரிக்கைகளையும் உரிய கவனத்தோடு எடுத்திருந்தேன் என்று அவர் நிரூபித்தால் தப்பலாம். இந்தத் தற்காப்பை நம்பித்தான் அங்கே ஒரு முழு நடைமுறையே வளர்ந்திருக்கிறது: ஊழியர் பயிற்சி பெற்றதற்கான கையெழுத்து, சிகரெட்டின் பட்டைக்குறியீட்டை வருடியதும் 'வயதைக் கேட்டீர்களா' என்று திரையில் எழும் நினைவூட்டல், விற்க மறுத்ததைக் குறித்துவைக்கும் பதிவேடு. இந்த மறுப்புப் பதிவேடு எனக்கு மிகவும் பிடித்த பொருள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதை, ஏன் மறுத்தோம் என்று நான்கு கட்டங்கள். அதிகாரி வந்து புரட்டும்போது அது காலியாக இருந்தால் பெருமைப்பட ஒன்றுமில்லை. இத்தனை மாதங்களாக ஒருவரைக்கூட மறுக்கவில்லையா என்ற கேள்விதான் வரும். விற்றதற்கு ரசீது இருப்பதுபோல் விற்காததற்கும் ஒரு தடயம் இருக்கட்டும் என்று நினைத்தவர், அந்த வேலையை வேலையாக மதித்தவர்.

மனிதரைக் கேட்கவைப்பது கடினம் என்றால் இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். ஜப்பான் அதைச் செய்து பார்த்தது. தெருவெங்கும் சிகரெட் இயந்திரங்கள் நின்ற அந்த நாட்டில், 2008-ல் தாஸ்போ என்ற அட்டை அறிமுகமானது. 20 வயது நிரம்பியதை நிரூபித்து, படத்தைக் கொடுத்து, விண்ணப்பித்துப் பெற்ற அந்த அட்டையைக் காட்டாமல் இயந்திரம் சிகரெட்டைத் தரவில்லை. பெரியவர்கள் பலர் அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பக்கத்திலிருந்த சிறு அங்காடிகளுக்குப் போய் வாங்கத் தொடங்கினார்கள், அங்கே விற்பனை ஏறியது. அந்த அங்காடிகளிலோ வயதுச் சோதனை என்பது பெரும்பாலும் ஒரு தொடுதிரைதான். 'எனக்கு 20 வயது நிரம்பிவிட்டது' என்ற கட்டத்தை வாங்குபவரே தொட வேண்டும். நரைத்த தலையோடு வருபவரும் தொட வேண்டும், மீசை அரும்பாதவனும் தொடலாம். பொறுப்பை வாங்குபவரின் விரல் நுனிக்கு மாற்றிய அந்தத் திரை, ஊழியரைக் கேள்வி கேட்கும் சங்கடத்திலிருந்து காப்பாற்றியது என்பது உண்மை. சிறுவனை எதிலிருந்து காப்பாற்றியது என்பது எனக்கு விளங்கவில்லை.

கடையில் கிடைக்காவிட்டால் சிறுவர்கள் வேறு வழியில் வாங்குவார்கள் என்ற வாதம் உண்மையானதே. கடைகள் கறாரானதும் அண்ணன்மாரும் நண்பர்களும் வாங்கிக் கொடுப்பவர்களாகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015 அக்டோபர் 1 முதல், 18 வயதுக்குட்பட்டவருக்காகப் பெரியவர் ஒருவர் புகையிலையோ நிக்கோட்டின் வேப்போ வாங்குவதே குற்றம். சட்டம் என்ற அளவில் இது சரியானது, ஏனென்றால் குற்றவாளி வாங்கிக் கொடுப்பவர், கடைக்காரர் அல்லர். ஆனால் நடைமுறையில் கல்லாவில் நிற்பவர் வாசலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தையும் கண்காணிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மெல்ல உள்ளே நுழைந்துவிடுகிறது. இரண்டு கண்களுக்கு இது அதிகம்.

யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிராத விதிகள்மேல் எனக்கு மதிப்புக் கூடியது இதனால்தான். பொருளைக் கண்ணில் படாமல் வைப்பது அவற்றில் முதன்மையானது. ஐஸ்லாந்து 2001-லும் அயர்லாந்து 2009-லும் கடைகளில் சிகரெட்டைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்தின. இங்கிலாந்தில் பெரிய கடைகளுக்கு 2012 ஏப்ரலிலும் சிறிய கடைகளுக்கு 2015 ஏப்ரலிலும் அந்த விதி வந்தது. அதுவரை கல்லாவுக்குப் பின்னால் இருந்த வண்ணச்சுவர் ஒரு விளம்பரப் பலகை. மற்ற விளம்பரங்களுக்கெல்லாம் தடை வந்தபின் நிறுவனங்களுக்கு எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை அழகாக அடுக்கிவைக்கக் கடைகளுக்கு அவை பணமும் கொடுத்துவந்தன. கதவு போட்ட அலமாரிக்குள் பெட்டிகள் போனதும், மிட்டாய் வாங்க வரும் ஒரு குழந்தையின் கண்மட்டத்திலிருந்து அந்தச் சுவர் மறைந்தது. அதற்காக எந்த ஊழியரும் எந்தக் குழந்தையையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை. இயந்திரங்களை அகற்றுவதும் இதே வகைதான். இங்கிலாந்து 2011 அக்டோபரில் அதைச் செய்தது.

உதிரி விற்பனைத் தடையையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். முழுப் பெட்டியின் விலை ஒரு சிறுவனைத் தயங்கவைக்கும், ஒற்றைச் சிகரெட்டின் விலை தயங்கவைக்காது. பெட்டியின்மேல் அச்சிட்ட எச்சரிக்கைப் படமும் உதிரியாக வாங்குபவனிடம் போய்ச் சேராது. அமெரிக்கச் சட்டம் ஒரு பெட்டியில் 20-க்குக் குறையக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையும், கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. அந்த நூறு கஜம் நான் சொல்லும் வகையிலான விதி: அளந்தால் முடிந்தது, எவருடைய முகத்தையும் பார்த்து வயதைக் கணிக்க வேண்டியதில்லை. அளக்க ஒருவர் வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

வேப் வந்தபோது கடைக்காரரின் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. சிகரெட் விஷயத்தில் அவர் வாங்குபவரை மட்டும் சோதித்தால் போதும். வேப் விஷயத்தில் தாம் விற்கும் பொருளையே சோதிக்க வேண்டும். பிரிட்டனில் விற்கப்படும் மின்சிகரெட்டின் குடுவை 2 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நிரப்பும் திரவத்தின் புட்டி 10 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும், பொருள் முன்கூட்டியே ஒழுங்குமுறை அமைப்பிடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2016 ஆகஸ்டில் மின்சிகரெட்டுகள் உணவு மருந்து நிர்வாகத்தின் அதிகாரத்துக்குள் வந்தன. அந்த நிர்வாகம் அனுமதித்த சில பொருட்களைத் தவிர மற்றவற்றை விற்பது சட்டவிரோதம். அப்படியிருந்தும் அனுமதியற்ற பழச்சுவை வேப்கள் அங்கே வண்ணவண்ணமாகக் கடைகளில் கிடைக்கின்றன. மொத்த வியாபாரி கொண்டுவந்து இறக்கும் பெட்டியில் எது முறையானது, எது முறையற்றது என்று பிரித்தறிவது ஆய்வகத்தின் வேலை. அந்த வேலை இப்போது சரக்கை எடுத்து வைக்கும் ஊழியரின் தலையில் இருக்கிறது. சுங்கத்திலும் துறைமுகத்திலும் தடுத்திருக்க வேண்டியதைக் கடைசி மனிதரிடம் தடுக்கச் சொல்வது வசதியான சோம்பல் என்றே நினைக்கிறேன்.

நாடுகள் இதற்குக் கண்ட விடைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. இந்தியா 2019-ல் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தையும் தடைசெய்தது; கடைக்காரருக்கு அதில் ஒரே விதி, வைத்திருக்கக் கூடாது என்பது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் வேப் விற்பனையை மருந்தகங்களுக்குள் மட்டும் ஒதுக்கியது. அக்டோபர் முதல் பெரியவர்கள் மருந்தாளரிடம் பேசி, மருத்துவரின் சீட்டு இல்லாமலே குறிப்பிட்ட அளவு வரை வாங்கலாம் என்றது. மருந்தகச் சங்கம் இதை வெளிப்படையாக எதிர்த்தது. மறுக்கும் வேலையை, மறுப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுப்பது காகிதத்தில் நியாயமாகவே தெரிகிறது. அந்த ஒருவர் அந்தப் பொருளைத் தம் அலமாரியில் வைக்கவே விரும்பவில்லை என்பதை முன்கூட்டிக் கேட்டறிந்திருக்கலாம். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை மட்டும் தடைசெய்தது. வேப் விற்கும் கடை பழைய வேப்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். லித்தியம் மின்கலம் உள்ள அந்தக் கழிவு குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், அதற்கென்று ஒரு பெட்டியை வைத்துப் பாதுகாப்பதும் இப்போது கடையின் கடமைகளில் ஒன்று.

இணையவழி விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவில் 2020-ன் இறுதியில் வந்த சட்டத்திருத்தம், வீட்டுக்கு வரும் வேப் பொட்டலத்தை வயது வந்த ஒருவர் கையெழுத்திட்டுத்தான் பெற வேண்டும் என்கிறது. அதாவது கல்லாவில் நின்றவரின் சங்கடம் வாசலில் நிற்கும் விநியோக ஊழியருக்கு மாறியிருக்கிறது. நெதர்லாந்து 2023 ஜூலையில் இணையவழி விற்பனையையே நிறுத்தி அந்தச் சங்கடத்தை ஒழித்தது.

அதே நெதர்லாந்து 2024 ஜூலை முதல் பேரங்காடிகளில் புகையிலை விற்பதையும் தடைசெய்தது. விற்கும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிய பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. ஹங்கேரியில் 2013 முதல் அரசு உரிமம் பெற்ற தனிப் புகையிலைக் கடைகளில் மட்டுமே விற்கலாம். 18 வயதுக்குட்பட்டவர்கள் அந்தக் கடைகளுக்குள் நுழையவே முடியாது. சான் பிரான்சிஸ்கோ 2014-ல் நகரின் ஒவ்வொரு வட்டத்துக்கும் 45 உரிமங்கள் என்று உச்சவரம்பு வைத்தது. நியூசிலாந்து 2022-ல் இயற்றிய சட்டம் நாடு முழுவதும் அதிகபட்சம் 600 கடைகள் என்றது. அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, ஆட்சி மாறி, 2024 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. கடைகள் குறைந்தால் கள்ளச்சந்தை வளரும் என்பவர்களின் அச்சத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. உரிமம் பெற்ற கடைகளைக் குறைத்துவிட்டு உரிமமற்ற விற்பனையைக் கண்டும் காணாமல் விட்டால் அது நிச்சயம் நடக்கும். ஆனாலும் பத்து அதிகாரிகளால் அறுநூறு கடைகளைச் சுற்றிவர முடியும், ஆறாயிரம் கடைகளைச் சுற்றிவர முடியாது. சோதனைக்கு ஆளே வராத இடத்தில் உட்ரிட்ஜின் கணக்கு ஒருநாளும் நடக்காது.

வயதையே விட்டுவிட்டுப் பிறந்த தேதியைப் பிடித்துக்கொண்ட நாடும் இருக்கிறது. மாலத்தீவில் 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டம் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கும் அது பொருந்தும். மின்சிகரெட் அங்கே எந்த வயதினருக்கும் இல்லை. கல்லாவில் நிற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் ஓர் எளிமை உண்டு. ஒவ்வொரு நாளும் இன்றைய தேதியிலிருந்து பதினெட்டையோ இருபத்தொன்றையோ கழித்துக் கணக்குப் போட வேண்டாம். அறிவிப்புப் பலகையில் ஒரே தேதி, என்றைக்கும் மாறாது. ஆண்டுகள் செல்லச் செல்ல வேறொரு சிக்கல் எழும். 2047-ல் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்து நிற்பார், அவருக்கு விற்கக் கூடாது. அவருக்குப் பின்னால் நாற்பத்தொரு வயது நண்பர் நிற்பார், அவருக்கு விற்கலாம். இருவரையும் முகத்தைப் பார்த்துப் பிரிக்க எந்தக் கண்ணாலும் ஆகாது. நரைக்கத் தொடங்கியவர்களிடமெல்லாம் அட்டை கேட்டுக்கொண்டு கல்லாவில் நிற்கப்போகும் அந்த ஊழியரும் அனேகமாக அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவராகவே இருப்பார்; நாள் முழுவதும் எடுத்துக் கொடுக்கும் அந்தப் பெட்டியைத் தமக்கென்று ஒன்று வாங்க அவருக்கு உரிமை இருக்காது.